உள்ளே போனால் போதுமா? ரிவால்வரும் வேறு தோட்டாவும்

திருவொற்றியூர் ஆலையில் செய்த பழைய புல்லட் வண்டிகளின் பீரங்கிச் சின்னத்தை வெறும் பந்தா என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதற்குப் பின்னால் நிஜத் துப்பாக்கி இருக்கிறது. 1890களில் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் சைக்கிள் செய்துகொண்டிருந்த ஒரு நிறுவனத்துக்கு, என்ஃபீல்ட் என்ற ஊரில் இருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு நுணுக்கமான பாகங்கள் செய்துகொடுக்கும் வேலை கிடைத்தது. அந்தப் பெருமையில் ஊர்ப் பெயரையே தனக்குச் சூட்டிக்கொண்டு, ‘துப்பாக்கி மாதிரி செய்தது’ என்று விளம்பரமும் போட்டது. 1955இல் அதே பெயர் சென்னைக்கு வந்து, வடசென்னையின் சத்தங்களில் ஒன்றாகிவிட்டது.

அந்த அரசுத் தொழிற்சாலை 1930களில் ஒரு ரிவால்வரையும் செய்தது. என்ஃபீல்ட் நம்பர் 2 என்று பெயர், .38 அளவு, அதாவது பெயரளவில் ஓர் அங்குலத்தில் நூற்றில் 38 பங்கு அகலம். அதுவரை பிரிட்டிஷ் ராணுவம் வைத்திருந்த வெப்லி ரிவால்வர் .455 அளவில் பெரிய தோட்டாவைச் சுடும். அதன் உதைப்பைப் பழகவே நாளாகும். ஆகவே சிறிய தோட்டாவுக்கு மாறினார்கள். மாறியபோது பழைய ரிவால்வர்களைத் திருத்திப் புதிய தோட்டாவுக்குப் பொருத்தவில்லை, ரிவால்வரையே புதிதாகச் செய்தார்கள். வடிவத்தைத் தன்னிடமிருந்து எடுத்துக்கொண்டதாக வெப்லி நிறுவனம் அரசுமீது உரிமை கோரியது, கடைசியில் 1,250 பவுண்டு கிடைத்தது. அது வேறு கதை.

லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லாத இந்தப் பக்கத்தில் வளர்ந்தவருக்கு ஒரு கேள்வி வரும். புல்லட்டின் சிலிண்டர் தேய்ந்தால் ரீபோர் செய்து, ஒரு சுற்றுப் பெரிய பிஸ்டனைப் போட்டு ஓட்டிவிடுகிறோம். ரிவால்வரிலும் சிலிண்டர், போர் (துளை) என்று அதே சொற்கள்தானே? துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி வேறு தோட்டா போட்டால் என்ன?

அதற்கு ரிவால்வருக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். தோட்டா என்பது நான்கு பொருள்கள்: பித்தளைக் கூடு, அதன் அடியில் தட்டினால் பற்றிக்கொள்ளும் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் ஈயக் குண்டு. சுத்தி விழுந்ததும் மருந்து எரிந்து வாயுவாகிறது, அழுத்தம் ஏறுகிறது, குண்டு குழலுக்குள் ஓடுகிறது. எல்லாம் ஓரிரு மில்லி செகண்டில் முடிந்துவிடும். இதில் பாராட்டு குண்டுக்குப் போய்விடுகிறது, உண்மையில் உழைப்பது பித்தளைக் கூடு. அழுத்தம் ஏறும்போது அது ஊதி, தோட்டா உட்கார்ந்திருக்கும் அறையின் சுவரோடு ஒட்டிக்கொண்டு வாயு பின்னால் வராமல் அடைக்கிறது. அழுத்தம் இறங்கியதும் சற்றே சுருங்கிச் சுவரை விட்டு விலகுகிறது. அதனால்தான் வெற்றுக் கூட்டை வெளியே தள்ள முடிகிறது. சுமார் 70 பங்கு செம்புக்கு 30 பங்கு துத்தநாகம் சேர்ந்த இந்தப் பித்தளை ஊதவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். அறை அதிகமாகத் தளர்ந்திருந்தால் கூடு திரும்ப முடியாத அளவுக்கு ஊதிவிடும். சில சமயம் பிளந்தும்விடும்.

ரிவால்வரில் இன்னொரு விசேஷமும் உண்டு. தோட்டா இருக்கும் அறை ஒரு பொருள், குழல் வேறு பொருள். அறைகளைத் தாங்கிய உருளையான சிலிண்டர் சுற்ற வேண்டுமென்றால் இரண்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய இடைவெளி வேண்டும், ஏறக்குறைய 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர். குண்டு அந்த இடைவெளியைத் தாண்டிக் குழலுக்குள் நேராக நுழைய வேண்டும். ஆறு அறைகளும் முறைவைத்துக் குழலோடு ஒரே கோட்டில் வந்து நிற்க வேண்டும். கொஞ்சம் விலகினாலும் குண்டின் ஓரம் சீவப்பட்டு, ஈயத்துணுக்குகள் பக்கவாட்டில் தெறிக்கும்.

சரி, தோட்டாவை மாற்றுகிற யோசனை எங்கிருந்து வந்தது? ரிவால்வர் பிறந்த காலத்தில் முழுத் தோட்டாவே கிடையாது. சிலிண்டரின் முன்பக்கத்திலிருந்து மருந்தைக் கொட்டி, குண்டை அழுத்தி, பின்னால் ஒரு சிறிய பிரைமர் தொப்பியை மாட்ட வேண்டும். சிலிண்டரின் பின்பக்கம் மூடியிருக்கும். அதை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை துளைத்துவிட்டால் பின்னாலிருந்தே உலோகத் தோட்டாவைப் போடலாம். கேட்டால் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் 1855இல் ரோலின் வைட் என்ற அமெரிக்கர் அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் ஒரு ரிவால்வருக்கு 25 சென்ட் வீதம் அவருக்குக் கொடுத்து, 1857 முதல் அப்படிப்பட்ட ரிவால்வர்களை விற்றது. ஒப்பந்தத்தில் ஒரு கொக்கி இருந்தது. காப்புரிமையை மீறுகிறவர்கள்மீது வழக்குப் போடும் செலவு வைட்டின் தலையில். வந்த பணத்தில் பெரும்பங்கு கோர்ட்டுக்கே போய்விட்டது. நிறுவனம் கொழித்தது, கண்டுபிடித்தவர் வக்கீல்களைக் கொழிக்க வைத்தார்!

மற்றவர்கள் காத்திருந்தார்கள். ரெமிங்டன் நிறுவனம் 1868இல் பணம் கட்டி அனுமதி வாங்கித் தன் பழைய ராணுவ ரிவால்வர்களில் சிலவற்றை .46 தோட்டாவுக்கு மாற்றியது. கோல்ட் நிறுவனம் பின்பக்கத்தைத் துளைக்காமலே முன்னாலிருந்து போடும் ஒரு விநோதத் தோட்டாவைச் செய்து பார்த்தது. எடுபடவில்லை. 1869இல் காப்புரிமை காலாவதியானது. கிடங்குகளில் அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்துப் பழைய ரிவால்வர்கள் மலைபோல் கிடந்தன. சிலிண்டரின் பின்பகுதியை வெட்டி, துளைத்து, ஒரு தட்டை வைத்து அவற்றைப் புதுத் தோட்டாவுக்கு மாற்றும் வேலை மும்முரமாக நடந்தது. உலகம் கண்ட பெரிய ரிவால்வர் மாற்றல் அலை இதுதான் என்பேன். அதற்கு ஒரு வசதியும் இருந்தது. பழையதும் புதியதும் சுட்டது ஒரே கரும்மருந்தை. அழுத்தம் பெரிதாக ஏறவில்லை, பழைய இரும்பு தாங்கியது.

அந்த அலை விட்டுப்போன குழப்பம் இன்றுவரை நீடிக்கிறது. .36 என்று பெயர் பெற்ற பழைய ரிவால்வர்களின் அறை, நிஜத்தில் ஓர் அங்குலத்தில் நூற்றில் 38 பங்கை ஒட்டிய அகலம். மாற்றியபோது கூடும் குண்டும் ஒரே தடிமனில் அந்த அறைக்குள் இருந்தன, ஆகவே .38. பிறகு வந்த தோட்டாக்களில் குண்டு கூட்டுக்குள்ளே இறங்கிவிட்டது, அதன் விட்டம் .357 ஆகக் குறைந்தது. பெயர் மட்டும் .38 என்றே நின்றுவிட்டது. அதனால் .38 ஸ்பெஷல், .357 மேக்னம் என்ற இரண்டு அமெரிக்கத் தோட்டாக்களும் ஒரே விட்டக் குண்டைச் சுடுகின்றன, பிரிட்டிஷ் ராணுவத்தின் .38 தோட்டாவோ .361 விட்டக் குண்டைச் சுடுகிறது. பெட்டிமேல் இருக்கும் எண்ணை நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது.

அடுத்த சிக்கல், தோட்டா அறைக்குள் எங்கே நிற்கிறது என்பது. ரிவால்வர் தோட்டாவின் அடியில் ஒரு விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கும். அது அறைவாயில் தட்டி நிற்பதால்தான் தோட்டா உள்ளே விழாமல், சுத்தியின் அடியை வாங்குகிறது. தானியங்கிக் கைத்துப்பாக்கியின் தோட்டாவுக்கு அந்த விளிம்பு வெளியே நீட்டாது. 1917இல் அமெரிக்கா போரில் இறங்கியபோது கைத்துப்பாக்கிகள் போதவில்லை. கோல்ட்டும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் தங்கள் பெரிய ரிவால்வர்களை ராணுவத்தின் .45 ஏசிபி என்ற தானியங்கிக் கைத்துப்பாக்கித் தோட்டாவுக்குத் தகவமைத்தன. நீட்டாத விளிம்புக்கு என்ன செய்வது? பிறை வடிவில் ஒரு மெல்லிய எஃகுத் தகடு. மூன்று தோட்டாக்களை அதில் மாட்டி, இரண்டு தகடுகளைச் சிலிண்டரில் போட்டால் ஆறு. விளிம்பின் வேலையையும் அது பார்த்தது, வெற்றுக் கூடுகளை ஒரே மூச்சில் வெளியே தள்ளவும் உதவியது. ஒரு தகட்டுத் துண்டு இவ்வளவு அழகாகச் சிக்கலைத் தீர்த்த கதை எந்திரவியலில் அபூர்வம்.

அந்த அழகே பிறகு ஆபத்தையும் கொண்டுவந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வெப்லி ரிவால்வர்கள் அமெரிக்கச் சந்தையில் மலிவாகக் குவிந்தன. அவற்றின் .455 தோட்டா அங்கே கிடைக்கவில்லை, .45 ஏசிபி எங்கும் கிடைத்தது. வியாபாரிகள் சிலிண்டரின் பின்பக்கத்தைச் சீவி, பிறைத்தகட்டோடு அதைப் போட்டுச் சுடும்படி செய்து விற்றார்கள். தோட்டா அளவாக உட்கார்ந்தது. ஆனால் .455க்கு உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 13,000 பவுண்டு, .45 ஏசிபிக்கு 21,000 வரை. வெப்லியைத் தொழிற்சாலையில் சோதிக்கும்போது வேண்டுமென்றே கூடுதல் மருந்து போட்ட தோட்டாவைச் சுட்டுப் பார்ப்பார்கள். மாற்றிய ரிவால்வரோ ஏறக்குறைய அந்தச் சோதனை அழுத்தத்தை ஒவ்வொரு முறையும் தாங்க வேண்டியிருந்தது. சில சிலிண்டர்கள் வெடித்தன.

ஒரு வட்டக் குழலுக்குள் அழுத்தம் ஏறினால் அது குழலை நீளவாக்கில் பிளக்கப் பார்க்கும். அந்த இழுவிசை உள் ஆரத்தோடு ஏறும், சுவரின் தடிமன் கூடக் கூட இறங்கும். அறையைப் பெரிதாக்கினால் ஆரம் கூடுகிறது, அதே வெட்டில் சுவரும் மெலிகிறது, இரண்டு வகையிலும் நஷ்டம். போதாதற்கு, சிலிண்டரை நிறுத்திப் பிடிக்கும் சிறிய பள்ளங்கள் வெளிப்பக்கம் வெட்டப்பட்டிருக்கும். பல ஆறு அறை ரிவால்வர்களில் அந்தப் பள்ளம் அறையின் முதுகுக்கு நேர்மேலே வந்துவிடுகிறது, சுவர் ஏற்கெனவே மெலிந்த இடத்தில். ஐந்து அறை என்றால் பள்ளம் இரண்டு அறைகளுக்கு நடுவில் தள்ளிப் போகும். அதனால்தான் வலுவான தோட்டாவுக்குச் செய்யும் சில ரிவால்வர்களில் ஓர் அறையைத் தியாகம் செய்கிறார்கள். புல்லட் எஞ்சினில் உச்ச அழுத்தம் சில நூறு பவுண்டுதான், அதுவும் கனமான வார்ப்பு உடலுக்குள். ரீபோர் ஒப்பீடு இங்கேதான் உடைகிறது.

வெட்டி எடுத்த உலோகம் திரும்பாது என்பதற்கு இன்னோர் உதாரணம். இரண்டாம் உலகப் போரின்போது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் பிரிட்டனுக்கும் அதன் நேச நாடுகளுக்கும் பிரிட்டிஷ் .38 தோட்டாவுக்காக ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ரிவால்வர்களைச் செய்து கொடுத்தது. போர் முடிந்ததும் அவற்றில் நிறைய, அறையை ஆழமாக்கி .38 ஸ்பெஷலுக்கு மாற்றப்பட்டன. பிரிட்டிஷ் கூடு சுமார் 20 மில்லிமீட்டர் நீளம், ஸ்பெஷல் 29. ஆனால் பிரிட்டிஷ் கூடு கொஞ்சம் தடிமன். மாற்றிய அறையின் முன்பகுதி ஸ்பெஷலுக்கு அளவாகவும், பின்பகுதி அங்குலத்தில் ஆயிரத்தில் ஏழெட்டுப் பங்கு தொளதொளவென்றும் இருந்தது. சுட்டால் கூடு பின்பக்கம் புடைக்கும், பல பிளந்தே வரும். குழலும் .361க்குச் செய்தது, .357 குண்டு அதில் ஆடிக்கொண்டு போகும். எஞ்சினுக்கு என்றால் ஒரு லைனரை (உள்குழாயை) இறக்கிச் சரிசெய்திருப்பார்கள்.

லைனர் இறக்குவது ரிவால்வரில் முடியவே முடியாதா? முடியும், தோட்டா சிறியதாகப் போகும்போது. பயிற்சிக்காகப் பெரிய ரிவால்வருக்குள் .22 குழாயைச் செருகும் துணைக்கருவிகள் வெப்லிக்கே இருந்தன. அங்கே வேறொரு சங்கடம். .22 தோட்டாவில் பற்றும் மருந்து நடுவில் இல்லை, விளிம்பின் மடிப்புக்குள் இருக்கிறது. சுத்தியின் முனை நடுவில் குத்தினால் ஒன்றும் நடக்காது. ஆகவே குத்துமிடத்தையோ தோட்டா நிற்குமிடத்தையோ நகர்த்தியாக வேண்டும்.

எந்த வெட்டும் ஒட்டும் இல்லாமல் இரண்டு தோட்டாக்களைச் சுடுவதற்கு .357 மேக்னம் ரிவால்வர் போதும். 1930களில் அந்தத் தோட்டாவை வடிவமைத்தவர்கள் கூட்டை .38 ஸ்பெஷலைவிட 3.4 மில்லிமீட்டர் நீட்டினார்கள். ஸ்பெஷலுக்கு உச்ச அழுத்தம் 17,000 பவுண்டு, மேக்னத்துக்கு 35,000. கூடு நீளமாக இருப்பதால் மேக்னம் பழைய .38 ரிவால்வருக்குள் முழுதாக இறங்காது, சிலிண்டர் சுற்றாது. மாற்றிப் பார்த்தால், குட்டைக் கூடு பெரிய ரிவால்வருக்குள் தாராளமாகப் போகும். அறைக்குள் ஒரு கரிவளையம் படிவதைத் தவிர வேறு தொல்லை இல்லை. யாராவது பழைய அறையை மூன்று மில்லிமீட்டர் ஆழமாக்கினால் அந்தப் பூட்டைத் தானே உடைத்துக்கொள்கிறார்.

நம் நாட்டில் இதெல்லாம் உரிமம் பெற்ற தொழிற்சாலைக்கும் பட்டறைக்கும் உரியது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவில் துப்பாக்கி செய்வது, விற்பது, பழுதுபார்ப்பது ஆகியவற்றோடு மாற்றுவதும் சேர்ந்தே வருகிறது. மீறினால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது ஏழாண்டுச் சிறை, ஆயுள்வரை போகலாம்.

அளவு, விளிம்பு, அழுத்தம் மூன்றும் பொருந்தி, தொழிற்சாலையே முறையாக மாற்றிக் கொடுத்தாலும் ஒன்று பாக்கி இருக்கும், குறி. சுடும்போது குண்டு குழலை விட்டு வெளியேறுவதற்குள்ளேயே குழலின் முனை மேலே எழும்பத் தொடங்கிவிடும். கனமான, மெதுவான குண்டு குழலுக்குள் கூடுதல் நேரம் இருக்கிறது, உதைப்பும் கூடுதல். ஆகவே கைத்துப்பாக்கித் தூரங்களில் மெதுவான குண்டுதான் இலக்கில் மேலே படும், வேகமான இலேசான குண்டு கீழே படும். என்ஃபீல்ட் நம்பர் 2க்குக் குறி அமைக்கப்பட்டது 200 கிரெய்ன், அதாவது சுமார் 13 கிராம் எடையுள்ள ஈயக் குண்டை மனத்தில் வைத்து. பிறகு ராணுவமே 178 கிரெய்ன் குண்டுக்கு மாறியபோது, உயரம் மாறிய முன்குறி முள்ளும் தேவைப்பட்டது.