தட்டில் நெளியும் கைக்கு உத்தரவு போடுவது யார்?

“ஓல்ட்பாய் படத்தில் ஹீரோ ஆக்டோபஸை உயிரோடு தின்கிறாரே, அது கிராஃபிக்ஸா? தலையைக் கடித்த பிறகும் கைகள் நெளிகின்றனவே, எப்படி?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

முதல் கேள்விக்குப் பதில் சின்னது: கிராஃபிக்ஸ் இல்லை, நிஜம். 2003இல் பார்க் சான்-வூக் இயக்கிய கொரியப் படம் அது. ஏன், யார் என்று எதுவும் தெரியாமல் 15 ஆண்டுகள் ஓர் அறையில் அடைபட்டுக் கிடந்த ஓ டே-சு, வெளியே வந்ததும் ஓர் உணவகத்தில் உட்கார்ந்து உயிருள்ள எதையாவது தின்ன வேண்டும் என்கிறான். ஓ டே-சுவாக நடித்த சோய் மின்-சிக் பௌத்தர். அந்த ஒரு காட்சிக்கு நான்கு ஆக்டோபஸ்கள் தேவைப்பட்டன, ஒவ்வொன்றிடமும் மன்னிப்புக் கேட்டு வேண்டிக்கொண்டுதான் வாயில் வைத்தார். 2004 கான் திரைப்பட விழாவில் படம் கிராண்ட் பிரீ விருது வாங்கியபோது இயக்குநர் நன்றி சொன்ன வரிசையில் ஆக்டோபஸ்களும் இருந்தன.

இந்தப் படத்தை முதலில் நான் பார்த்தது ஹாஸ்டல் அறையில், ஒரு லேப்டாப்பைச் சுற்றி ஆறு பேராக. சுத்தியல் சண்டைக்கு விசில் அடித்த கூட்டம், இந்தக் காட்சியில் கப்சிப். பக்கத்திலிருந்தவன் பஜ்ஜியைக் கீழே வைத்துவிட்டான். பிறகு யாரோ, “செத்த பிறகும் ஆடுதுடா, அதான் பேய்க்கணவாய்னு பேரு” என்றார்கள். பெயர்ப் பொருத்தம் பிரமாதம், விளக்கம்தான் தப்பு.

கொரியர்கள் ஆக்டோபஸை இப்படி முழுசாகக் கடித்துத் தின்பவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே சன்னக்ஜி என்றால் பெரும்பாலும் நக்ஜி என்ற நீண்ட கை ஆக்டோபஸைச் சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, நல்லெண்ணெய் விட்டு, அப்போதே தட்டில் வைப்பது. துண்டுகள் தட்டில் நெளியும். சாப்ஸ்டிக்கால் தூக்கினால் பீங்கானைப் பிடித்துக்கொண்டு வராது. சரியாக மெல்லாமல் விழுங்கினால் தொண்டையைப் பிடித்துக்கொள்ளும். அப்படி மூச்சடைத்து இறந்தவர்கள் உண்டு, ஆகவே நன்றாக மென்றுதான் விழுங்க வேண்டும்.

நமக்குத் தெரிந்த உதாரணம் பல்லி வால். அறுந்து விழுந்த பிறகு கொஞ்ச நேரம் துடிக்கும். அதில் முடிவெடுக்கும் வேலை எதுவும் இல்லை, நரம்புகள் தாளம் போடுகின்றன, அவ்வளவுதான். ஆக்டோபஸ் கையின் கதை வேறு.

பள்ளிப் பாடத்தை வேகமாகத் தாண்டிவிடலாம். ஆக்டோபஸ் கையில் எலும்பு கிடையாது, முழுக்கத் தசை. தசையின் கன அளவு மாறாது என்பதால், குறுக்குத் தசைகள் இறுகிக் கை மெலிந்தால் அது நீள வேண்டும். நம் நாக்கை வெளியே நீட்டுவதும் இதே கணக்கில்தான். கையின் அடிப்பக்கத்து ஒட்டுறிஞ்சிக் கிண்ணங்களும் அப்படியே: விளிம்பு பரப்பில் ஒட்டிக்கொள்ளும், உள்ளே தசை இறுகிக் கிண்ணத்தை விரிக்கப் பார்க்கும், நீர் விரியாது, அழுத்தம் இறங்கும், பிடி இறுகும்.

அப்புறம் நரம்பு. சாதாரண ஆக்டோபஸ் ஒன்றுக்கு ஏறத்தாழ 50 கோடி நரம்பு செல்கள். அதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு மூளையில் இல்லை, எட்டுக் கைகளில் இருக்கிறது. ஆகவே தலை போனாலும் ‘ஊழியர்களில்’ பெரும்பான்மை அலுவலகத்திலேயே இருக்கிறார்கள். ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் பின்யமின் ஹொக்னரின் குழு 2001இல் ஒரு சோதனை செய்தது. மூளையோடு தொடர்பை வெட்டிய கையின் நரம்பைத் தூண்டினார்கள். உயிருள்ள ஆக்டோபஸ் இரையை எட்டக் கையை நீட்டும்போது அடியிலிருந்து நுனிக்கு ஒரு வளைவு ஓடுமே, அதே வளைவு அதே பாணியில் ஓடியது. ‘நீட்டு’ என்று மட்டும் மூளை சொன்னால் போதும், எப்படி நீட்டுவது என்பது கைக்கே தெரியும். கிண்ணங்களுக்கு ருசியும் தெரியும். நீரில் எளிதில் கரையாத வேதிப்பொருள்களைத் தொட்ட மாத்திரத்தில் உணரும் ஏற்பிகள் அவற்றில் இருப்பதை ஹார்வர்டில் நிக்கோலஸ் பெல்லோனோவின் ஆய்வகம் 2020இல் காட்டியது.

சரி, இனிதான் எனக்குப் பிடித்த இடம். ஒரு கைக்குச் சுமார் 200 கிண்ணங்கள், எட்டுக் கைக்கு ஆயிரத்தைந்நூறுக்கும் மேல். எதையாவது தொட்டால் தானாகவே பிடிக்கும் கிண்ணங்கள். கைகளோ எந்தப் பக்கமும் வளையும். நம் மூளைக்கு முழங்கை எங்கே, மணிக்கட்டு எங்கே என்று கண்ணை மூடினாலும் தெரியும், மூட்டுகள் எண்ணிக்கைக்கு அடங்குபவை. மூட்டே இல்லாத எட்டுக் கைகளின் நிலையை ஒரு மூளை நொடிக்கு நொடி கணக்கு வைப்பது நடக்காத காரியம். அப்படியானால் ஒரு கை இன்னொரு கையை ஏன் பிடித்துக்கொள்வதில்லை? டப்பாவில் போட்ட இயர்போன் ஒயர் மாதிரி இந்தப் பிராணி ஏன் முடிச்சு விழுந்து கிடக்கவில்லை?

நிர் நெஷர், கய் லெவி, ஃபிராங்க் கிராஸோ ஆகிய ஆய்வாளர்களும் ஹொக்னரும் இதற்கு 2014இல் விடை சொன்னார்கள். வெட்டிய கை ஒரு மணி நேரம் வரைக்கும் சுறுசுறுப்பாக இருக்கும். கண்ணில் பட்டதை, தப்பு, கிண்ணத்தில் பட்டதை எல்லாம் பிடிக்கும். ஆனால் ஆக்டோபஸ் தோலை மட்டும் பிடிக்கவில்லை, ஒரு தடவைகூட. தோலை உரித்த இன்னொரு கையைக் கொடுத்தால் பிடித்தது! ஒரு தட்டில் தோலைப் பரப்பிக் கொடுத்தார்கள். தோலை விட்டுவிட்டு, தட்டில் தோல் படாத ஓரத்தைப் பிடித்தது. தோல் சாற்றை ஜெல்லில் கலந்து பூசியபோதும் பிடி நன்றாகத் தளர்ந்தது. அதாவது தோலில் இருக்கும் ஏதோ ஒரு வேதிப்பொருள் கிண்ணத்திடம் ‘இங்கே வேண்டாம்’ என்கிறது. கை எங்கே இருக்கிறது என்று மூளை கணக்கே போட வேண்டாம். கல்யாண வீட்டில் யாரும் நிர்வாகம் செய்யாமல் பந்தி நடக்க வேண்டுமென்றால், எச்சில் இலையை மடித்து வைக்கிறோமே, அது மாதிரி. இலையைப் பார்த்தாலே போதும், யாரையும் கேட்க வேண்டியதில்லை. பெரிய சிக்கலை இவ்வளவு மலிவாகத் தீர்த்த உத்தி வேறொன்று எனக்கு உடனே நினைவுக்கு வரவில்லை.

“வெட்டின கை தோலை ஒட்டுதா ஒட்டலையா என்று பார்க்க ஆய்வுப் பணமா?” என்று கேட்பவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. ‘சமூகப் பயன்’ என்ற கட்டத்தை நிரப்பச் சொல்லும் விண்ணப்பப் படிவத்தோடு நானும் மல்லுக்கட்டியிருக்கிறேன். மைய உத்தரவில்லாமல் ஓடும் மென்மையான ரோபோ கை செய்பவர்களுக்கு வேண்டியது இந்தத் தகவல்தான். ஆனால் அந்தப் பதிலைச் சொல்வதே எனக்குக் கொஞ்சம் எரிச்சல். தெரிந்துகொள்வதற்காகத் தெரிந்துகொண்டோம் என்றால் குறைந்தா போய்விடும்?

நக்ஜி தின்றால் தெம்பு என்ற நம்பிக்கை கொரியாவில் பழையது. 1814இல் ஜொங் யாக்-ஜொன் எழுதிய ‘ஜாசன் ஒபோ’ என்ற கடலுயிர் நூல், இளைத்த மாட்டுக்குச் சில நக்ஜிகளைக் கொடுத்தால் பலம் வந்துவிடும் என்கிறது. புரதம் இருக்கிறது, டாரின் என்ற சத்துப்பொருள் இருக்கிறது, ஒரு சாப்பாட்டுக்கு உண்டான தெம்பு நிச்சயம் வரும். நெளிகிற உயிர் உள்ளே போய் நம் உயிரில் சேரும் என்பதெல்லாம் பல்லி விழும் பலன் ரகம். ஆனாலும் ஜொங் மேல் எனக்கு மரியாதை. மதத்தின் பேரில் 1801இல் தீவுக்கு நாடு கடத்தப்பட்டவர், ஊர் திரும்பாமலேயே 1816இல் இறந்தார். ஓ டே-சு போலவே 15 ஆண்டுகள். இவர் மீன் எண்ணினார்.

வலி? கொஞ்சம் சங்கடமான பதில். 2021இல் ராபின் குரூக் என்ற ஆய்வாளர், கையில் அமிலம் ஏற்றப்பட்ட ஆக்டோபஸ் தனக்கு முன்பு பிடித்திருந்த அறையையே பிறகு தவிர்ப்பதையும், மரத்துப்போகும் மருந்து கொடுத்தால் அந்த மருந்து கிடைத்த அறையை நாடுவதையும் காட்டினார். பிரிட்டன் 2022இல் ஆக்டோபஸை உணர்வுள்ள விலங்காகச் சட்டத்தில் சேர்த்தது. முழு உயிராக வாயில் போன ஆக்டோபஸின் நிலைமை எனக்கு உறுத்துகிறது. தட்டில் நெளியும் துண்டின் கதை வேறு. அதில் நரம்பு வேலை செய்கிறது, வலியை உணர மூளை இல்லை.

ஜெருசலேம் ஆய்வகத்தில் இன்னொன்றும் பார்த்தார்கள். உயிருள்ள ஆக்டோபஸிடம் வெட்டிய கையைக் கொடுத்தால், தோலின் தடையை மூளை மீற முடியும். அந்நியக் கையென்றால் இரை மாதிரி பிடித்துக்கொள்ள வாய்ப்பு அதிகம், தன்னுடையதென்றால் தயக்கம். சில சமயம் அதை அலகால் மட்டும் கவ்விக்கொண்டு நிற்குமாம். கிண்ணம் ஒன்றுகூடத் தொடாமல், வாயிலிருந்து கை நூடுல்ஸ் மாதிரி தொங்கிக்கொண்டிருக்கும்.