நொதி: கல்லீரலில் கூடுவதும் ரத்தத்தில் கூடுவதும்

'என்சைம்' என்ற பெயரை 1870களில் வைத்தவர் ஜெர்மன் உடலியங்கியல் அறிஞர் வில்ஹெல்ம் கூனே. கிரேக்கத்தில் 'என்' என்றால் உள்ளே, 'சைமே' என்றால் புளித்த மாவு. தமிழில் மாவு புளிப்பதும் கள் பொங்குவதும் நொதித்தல். அதிலிருந்து வந்தது நொதி. இலங்கைப் பாடநூல்களில் நொதியம். இரண்டுமே நல்ல சொற்கள், தயங்காமல் எழுதலாம். உடலில் நடக்கும் வேதிவினைகளை விரைவாக்கும் பொருள் இது, பெரும்பாலும் புரதம்.

சிக்கல் 'நொதிச் செயல்பாடு' என்ற தொடரில்தான். அது நொதியின் எடையைச் சொல்வதல்ல, வேலை செய்யும் வேகத்தைச் சொல்வது. ஒரு நிமிடத்தில் 1 மைக்ரோமோல் பொருளை மாற்றும் அளவே ஒரு அலகு. பூச்சிக்கொல்லி கொடுத்த எலிகளில் 'கல்லீரல் நொதிகள் அதிகரித்தன' என்று மட்டும் எழுதினால் எங்கே அதிகரித்தன என்பது தெரியாது. அது தெரியாமல் அந்த வாக்கியத்துக்குப் பொருளே இல்லை.

ரத்தத்தில் என்றால் அது கசிவு. ஏ.எல்.டி. என்ற நொதி (நம் பரிசோதனைத் தாள்களில் இன்னும் எஸ்.ஜி.பி.டி.) கல்லீரல் செல்லுக்குள் இருக்க வேண்டியது. குளோர்பைரிபாஸ் போன்ற பூச்சிக்கொல்லி செல்லைச் சிதைத்தால் அது ரத்தத்துக்கு வந்துவிடும். கூடவே உயரும் ஏ.எஸ்.டி. இதயத்திலும் தசையிலும் கூட உண்டு, அதனால் கல்லீரலுக்கு ஏ.எல்.டி.யே நெருங்கிய சாட்சி.

கல்லீரலுக்குள்ளேயே கூடினால் கதை வேறு. டி.டி.டி., குளோர்டேன் ஆகிய பூச்சிக்கொல்லிகள் இரண்டும் பி450 என்ற நொதிக் குடும்பத்தை அதிகமாக உருவாக்க வைக்கும். இதற்குத் தமிழில் 'நொதித் தூண்டல்' பொருந்தும். 1960களின் தொடக்கத்தில், குளோர்டேன் பட்ட எலிகளுக்கு உறக்க மருந்து கொடுத்தால் அவை சீக்கிரமே விழித்துக்கொள்வதைக் கண்டார்கள். தூண்டப்பட்ட கல்லீரல் அந்த மருந்தையும் வேகமாகச் சிதைத்துவிட்டது. இங்கே செல் உடையவே வேண்டியதில்லை.

மூன்றாவது 'நொதித் தடுப்பு', அதாவது நொதியை வேலை செய்யவிடாமல் முடக்குவது. எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். மாலத்தியான் என்ற பூச்சிக்கொல்லி உடலுக்குள் போனதும் பி450 அதை மாலாக்சான் ஆக்குகிறது, அது தாய்ப்பொருளைவிடக் கொடிய நஞ்சு. அதே நேரம் கார்பாக்சிலெஸ்டரேஸ் என்ற இன்னொரு நொதி இரண்டையும் வெட்டித் தீங்கற்றதாக்குகிறது. பாலூட்டிகளிடம் இந்த நொதி நிறைய உண்டு, பூச்சிகளிடம் பொதுவாகக் குறைவு. மாலத்தியான் நமக்கு அவ்வளவு ஆபத்தில்லை என்று சொல்லப்படுவதே இதை நம்பித்தான். ஆனால் சரக்கு வெப்பத்தில் கிடந்தால் அதில் ஐசோமாலத்தியான் உருவாகும். அது இந்த நொதியையே முடக்கிவிடும், எலிகளில் சோதித்தபோது இதன் அளவு கூடக்கூட மாலத்தியானின் நஞ்சும் ஏறியது.

1976இல் பாகிஸ்தானின் மலேரியா ஒழிப்புப் பணியில் இருந்த 7,500 களப்பணியாளர்களில் சுமார் 2,800 பேர் நஞ்சால் பாதிக்கப்பட்டார்கள். குறைந்தது 5 பேர் இறந்தார்கள். தெளித்தது மாலத்தியான்தான், ஆனால் பாதிப்பு மிகுந்த சரக்குகளில் ஐசோமாலத்தியான் கலந்திருந்தது. மலேரியாப் பணிக்கு வாங்கும் மாலத்தியானில் ஐசோமாலத்தியானுக்கு உச்ச வரம்பு வைத்திருப்பது இதனால்தான்.