பச்சைச் சளிக்கு ஆன்டிபயாடிக் எதற்கு?

சளி பிடித்த மூன்றாம் நாள் மூக்கிலிருந்து பச்சையாக வந்ததாம். பழைய மருந்துச் சீட்டைக் காட்டி ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கியிருக்கிறார் ஒருவர். என்னிடம் வந்தபோது மூக்கடைப்பு அப்படியே இருந்தது, வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டிருந்தது. காது மூக்கு தொண்டை மருத்துவராக இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

திடீரென வரும் சைனஸ் அழற்சியில் (மூக்கைச் சுற்றிய எலும்புகளுக்குள் இருக்கும் காற்றறைகளே சைனஸ்) மிகப் பெரும்பாலானவை வைரஸால் வருபவை. ரைனோ வைரஸ், இன்ஃப்ளூயன்சா, அடினோ வைரஸ் என ஜலதோஷம் தரும் அதே கூட்டம்தான். பெரியவர்களுக்கு வரும் நூறு ஜலதோஷங்களில் ஒன்றிரண்டுதான் பாக்டீரியா சைனஸ் அழற்சியாக மாறும். குழந்தைகளிடம் சற்று அதிகம். வைரஸை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது.

"ஆனால் நிறம் மாறிவிட்டதே?" மாறத்தான் செய்யும்! நோயை எதிர்க்கத் திரளும் வெள்ளை அணுக்களுக்குள் இருக்கும் ஒரு நொதிக்கே பச்சை நிறம். வந்திருப்பது வைரஸா பாக்டீரியாவா என்பதை அந்த நிறம் சொல்லாது. முதலில் தண்ணீராக ஒழுகி, பிறகு கெட்டியாகி மஞ்சளும் பச்சையுமாகி, மறுபடி தெளிவது வைரஸ் சளியின் வழக்கமான போக்கு. காலையில் நிறம் அடர்த்தியாகத் தெரிவது இரவெல்லாம் தேங்கியதால். கைக்குட்டையைப் பார்த்து மருந்தை முடிவு செய்யாதீர்கள்.

உடனே ஸ்கேன் கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1994இல் வெளியான ஓர் ஆய்வில், சாதாரண ஜலதோஷம் வந்தவர்களுக்கு சி.டி. எடுத்தபோது பத்தில் எட்டுப் பேருக்கு மேல் சைனஸில் மாற்றம் தெரிந்தது. மறுபடி எடுத்துப் பார்த்தவர்களில் பெரும்பாலோருக்கு ஆன்டிபயாடிக் இல்லாமலே அது தெளிந்தோ குறைந்தோ இருந்தது.

நான் நாட்களைத்தான் கேட்பேன். பத்து நாளாகியும் சற்றும் குறையவில்லையா? குறைந்துவந்த தொல்லை ஐந்தாறு நாளில் திடீரென மீண்டும் கூடியதா? 39 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத காய்ச்சல், முகவலி, சீழ் போன்ற சளி மூன்று நான்கு நாளாகத் தொடர்கிறதா? அப்போது பாக்டீரியாவைச் சந்தேகிக்கலாம், வாருங்கள்.

அதுவரை ஓய்வு, வலிக்குப் பாராசிட்டமால், மூக்கைக் கழுவ உப்புநீர். அந்த நீர் கொதிக்கவைத்து ஆறியதாக இருக்கட்டும், குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம். மூக்கைப் பலமாகச் சிந்தாதீர்கள், சளி சைனஸுக்குள் தள்ளப்படும். அடைப்பு நீக்கும் ஸ்பிரேயை ஐந்து நாளுக்கு மேல் தொடர்ந்தால் அதுவே அடைப்பை உண்டாக்கும். மீதி ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பிறருக்குக் கொடுக்காதீர்கள்.

கண்ணைச் சுற்றி வீக்கம், இரட்டைப் பார்வை, தாங்க முடியாத தலைவலி, கழுத்து விறைப்பு, குழப்பம் என எது வந்தாலும் நாளைக் கணக்கிடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள், தயவுசெய்து.