நிற்கும் வயல் ஒன்று, நீர் பாயும் வயல் பல

கும்பகோணத்திலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் உள்ள கோயில் குளங்களை நான்கு வருடமாகப் படம் எடுத்துச் சேர்த்து வருகிறேன். ஒருநாள் இரவு மகாமகக் குளத்துப் படம் ஒன்றைக் கணினியில் பார்த்து, இடம் என்ற கட்டத்தில் 'மகாமகக் குளம், வடகரை' என்று எழுதிச் சேமித்தேன். காலையில் பார்த்தால் சாரங்கபாணி கோயில் பொற்றாமரைக் குளமும் மகாமகக் குளம், தாராசுரத்துப் படிக்கட்டும் மகாமகக் குளம். மொத்தம் 240 படங்கள். கணினி படிக்கும் அண்ணன் மகள் வந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நீங்க பார்த்தது ஒண்ணு சித்தப்பா, எழுதினது அத்தனையிலயும்."

அவள் சொன்னதை முழுதாகப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது.

முதலில், எழுதியது எங்கே போய் உட்கார்கிறது என்று பார்ப்போம். ஜேபெக் கோப்பு பல துண்டுகளாக ஆனது. படத்தின் புள்ளிகள் (பிக்சல்கள்) பின்னால் இருக்கும். அதற்கு முன்னால் படத்தைப் பற்றிய குறிப்புகளுக்கென்று தனித் துண்டுகள் உண்டு. ஒரு துண்டு 64 கிலோபைட்டைத் தாண்ட முடியாது, ஏனென்றால் அதன் நீளத்தைச் சொல்ல இரண்டே பைட்டுகள்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். எடுத்த நேரம், லென்ஸ், ஷட்டர் வேகம் முதலியவற்றைக் கேமரா எழுதும் எக்ஸிஃப் முறை 1995-இல் ஜப்பானில் பிறந்தது. தலைப்பு, ஊர், குறிச்சொல் போன்றவற்றைச் செய்தி நிறுவனங்கள் ஐபிடிசி முறையில் எழுதின. 2001-இல் அடோபி கொண்டுவந்த எக்ஸ்எம்பி அவற்றையும் உள்ளடக்கிக்கொண்டது. இந்தக் குறிப்புகளைத்தான் மெட்டாடேட்டா என்கிறோம். இவற்றை மாற்றும்போது புள்ளிகளைத் தொட வேண்டியதில்லை, படத்தின் தரம் குறையாது. அதனாலேயே தவறு நடந்தாலும் வெளியே தெரியாது. படம் அப்படியே அழகாக இருக்கும், குறிப்பு மட்டும் பொய் சொல்லும்.

சரி, ஒன்றில் எழுதியது எப்படி 240-க்குப் பரவியது?

கணினியில் கோப்புகளைப் பட்டியலிடும் பெரும்பாலான திரைகள் இரண்டு செய்திகளைத் தனித்தனியே நினைவில் வைத்திருக்கின்றன. ஒன்று தேர்வு: எந்தெந்தக் கோப்புகள்மீது வேலை நடக்கும் என்ற தொகுப்பு. அதில் ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம், ஆயிரமும் இருக்கலாம். இன்னொன்று ஃபோகஸ். லென்ஸின் ஃபோகஸை இங்கே மறந்துவிடுங்கள். விசைப்பலகையின் பார்வை இப்போது எந்தக் கோப்பின்மேல் இருக்கிறது என்பதுதான் இது. எந்த நேரத்திலும் ஒரு கோப்புக்குத்தான் ஃபோகஸ்.

முறைத் தண்ணீர் பாய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிது. மண்வெட்டியோடு நீங்கள் நிற்பது ஒரு வயலில். வாமடை, அதாவது வயலுக்குள் நீர் விடும் வாய், திறந்து கிடப்பது எத்தனை வயல்களுக்கோ. தண்ணீர் நிற்கிற இடத்தைப் பார்த்துப் பாய்வதில்லை, திறந்த மடையைப் பார்த்துத்தான் பாயும். நான் மகாமகக் குளத்தில் நின்றுகொண்டு, முந்தைய வேலைக்காகத் திறந்த 240 மடைகளையும் அடைக்காமல் தண்ணீர் விட்டிருக்கிறேன்.

இரண்டையும் நாம் குழப்பிக்கொள்வதற்குக் காரணம், சாதாரணமாக ஒரு கோப்பைக் கிளிக் செய்தால் இரண்டும் சேர்ந்தே நகர்வதுதான். விண்டோஸில் கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு அம்புக்குறியைத் தட்டிப் பாருங்கள். தேர்வு இருந்த இடத்திலேயே இருக்க, ஒரு மெல்லிய கோட்டுச் சட்டம் மட்டும் ஒவ்வொரு கோப்பாக நகரும். அதுதான் ஃபோகஸ். எனக்கு அதைப் பார்த்தபிறகுதான் விஷயம் உறைத்தது. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. தேர்விலிருந்து ஒரு படத்தை விலக்கக் கன்ட்ரோல் கிளிக் செய்தால் படம் விலகும், ஃபோகஸ் மட்டும் அதன்மேலேயே நிற்கும். அதாவது, மடை அடைத்த வயலிலேயே நாம் நின்றுகொண்டிருப்போம்.

படங்களைத் தொகுக்கவும் திருத்தவும் உதவும் அடோபியின் லைட்ரூம் கிளாசிக் இதை வேறு மாதிரி கையாள்கிறது. தேர்வான படங்களின் கட்டங்கள் வெளிர் நிறமாகும். அவற்றுள் ஒன்று மட்டும் இன்னும் வெளிறித் தெரியும். அதுவே ஃபோகஸ், அது எப்போதும் தேர்வுக்குள்ளேதான் இருக்கும். தேர்வான படங்களில் ஒன்றின் மேல் கிளிக் செய்தால் ஃபோகஸ் மட்டும் அதற்கு மாறும், மற்றவை தேர்வில் நீடிக்கும். விண்டோஸ் கோப்புறையில் அதே கிளிக் மற்ற எல்லாவற்றையும் தேர்விலிருந்து விடுவித்துவிடும். ஒன்றில் பழகிய விரல் மற்றொன்றில் தப்பு செய்வது இதனால்தான்.

ஒரு கோப்பிலிருந்து இன்னொன்று வரை இடையில் உள்ள எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்க உதவும் ஷிஃப்ட் விசைக்கு மூன்றாவதாக ஒரு நினைவு தேவைப்படுகிறது. அதை நங்கூரம் என்கிறார்கள். வரிசை நடவில் கயிறு பிடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள்: ஒரு முனை முளையில் கட்டியிருக்கும், மறுமுனை கையில். முளை நங்கூரம், கை ஃபோகஸ், இடையில் கயிறு போகும் வழி தேர்வு. கை நகர்ந்தால் கயிறு நீளும், குறையும், முளை அசையாது. ஆனால் கயிறு திரையில் தெரியும் வரிசைப்படியே போகும். கேமராவின் நான்கு இலக்க எண் 9999-ஐத் தொட்டதும் மறுபடி 0001-லிருந்து தொடங்கும். ஒரு நாளின் நடுவே இது நேர்ந்தால், பெயர் வரிசையில் மாலையில் எடுத்தது முதலிலும் காலையில் எடுத்தது கடைசியிலும் கிடக்கும். ஷிஃப்ட் பிடிப்பதற்கு முன் நேர வரிசைக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

தேர்வில் பல படங்கள் இருக்கும்போது கட்டத்தில் எதைக் காட்டுவது என்பது மென்பொருள் எழுதுபவர் எடுக்கும் முடிவு. மதிப்புகள் வேறுபட்டால் 'பல மதிப்புகள்' என்று காட்டுவது நேர்மையான வழி. ஃபோகஸில் இருக்கும் படத்தின் மதிப்பை மட்டும் காட்டினால் பார்ப்பவர் ஏமாந்து போவார், நான் போனது போல. சேமிக்கும்போது, நாம் கை வைத்த கட்டத்தை மட்டும் எழுதினால் சேதம் குறைவு. எல்லாக் கட்டங்களையும் எழுதும் நிரலாக இருந்தால் 240 படங்களும் ஒன்றன் நகல் ஆகிவிடும். என் விஷயத்தில் இடம் மட்டுமே போனது, நேரம் தப்பியது.

தமிழில் எழுதுகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய ஐபிடிசி முறையில் ஊர்ப் பெயருக்கு 32 பைட்டுகள்தான். யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு. தமிழில் உயிர்க்குறி, புள்ளி உட்பட ஒவ்வொரு குறிக்கும் மூன்று. 'கும்பகோணம்' 30 பைட்டு, நூலிழையில் தப்பிவிடும். 'நாகப்பட்டினம்' 39. எல்லையில் வெட்டும் நிரல் அதை 'நாகப்பட்டி' ஆக்கிவிடும். தேர்வில் 500 படங்கள் இருந்தால் 500-லும் நாகப்பட்டி. எக்ஸ்எம்பியில் இந்த 32 பைட்டு எல்லை இல்லை, ஆகவே தமிழ்ப் பெயர்களை அதில் எழுதுவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

அப்புறம், மீட்ட கதை. கோப்பில் எழுதியாகிவிட்டால் பழையதைத் திரும்பப் பெறுவது பல நிரல்களில் நடக்காது. மெட்டாடேட்டாவைப் படிக்கவும் மாற்றவும் பில் ஹார்வி எழுதிய எக்ஸிஃப்டூல் என்ற நிரல், வேண்டாம் என்று நாம் சொல்லாதவரை, மாற்றும் ஒவ்வொரு கோப்புக்கும் 'ஒரிஜினல்' என்ற ஒட்டோடு ஒரு நகலை வைத்துவிடும். நான் அன்று பயன்படுத்தியது அப்படி வைக்காத நிரல். 190 படங்கள் பழைய ஹார்டு டிஸ்கிலிருந்து கிடைத்தன. மீதி 50-க்கு அண்ணன் மகள் ஒரு வழி சொன்னாள். அன்றைய நாட்களில் போனிலும் சில படங்கள் எடுத்திருந்தேன். இடப்பதிவை இயக்கியிருந்தால் போன் படங்களில் அட்சரேகை, தீர்க்கரேகை இருக்கும். நேரத்தை ஒப்பிட்டால் கேமரா எந்தக் குளத்தில் இருந்தது என்று தெரிந்துவிடும்.

ஆனால் கேமராவின் கடிகாரம் இந்திய நேரத்தில் இல்லை. காலை 6:10-க்கு எடுத்த படத்தில் இரவு 12:40 என்றிருந்தது. சரியாக ஐந்தரை மணி நேரம் பின்தங்கி. இதைத் திருத்தும்போதுதான் ஃபோகஸும் தேர்வும் கைகோத்து வேலை செய்வதைப் பார்த்தேன். லைட்ரூமில் நேரத்தைத் திருத்தினால், ஃபோகஸில் உள்ள படத்துக்கு நாம் தரும் நேரம் அப்படியே போகும். பழைய நேரத்துக்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசம் தேர்வில் உள்ள மற்ற படங்களுக்கும் கூட்டப்படும். ஃபோகஸ் அளவுகோல், தேர்வு அளக்கப்படும் நிலம். எந்த நேரத்தில் எடுத்தது என்று உறுதியாகத் தெரிந்த படத்தில்தான் ஃபோகஸ் இருக்க வேண்டும். போன் படங்களின் நேரம் ஏற்கெனவே சரி, அவை தேர்வில் சேர்ந்துவிட்டால் அவையும் ஐந்தரை மணி நேரம் தள்ளிப்போகும். கேமராப் படங்களை மட்டும் வடிகட்டி, கீழே எண்ணிக்கை 50 என்று காட்டுகிறதா என்று பார்த்து, பிறகே அழுத்தினேன்.

43 படங்கள் தங்கள் குளத்துக்குத் திரும்பிவிட்டன. மீதி ஏழும் போனைப் பையிலிருந்து எடுக்காத ஒரு காலையில் எடுத்தவை. அவற்றை அச்செடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் ஒவ்வொரு குளமாகப் போய், படித்துறையையும் நீராழி மண்டபத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து வருகிறோம்.