விண்டோவுக்கு இடம் ஒதுக்குவது யார்?

பாலக்கோட்டிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார்: “சார், என் பழைய லேப்டாப்ல லினக்ஸும், விண்டோக்களைக் கட்டம் கட்டமா அடுக்குற ஐ3-யும் போட்டிருக்கேன். ரெண்டாவதா ஒண்ணைத் திறந்தா முதல் விண்டோ தானா ஒதுங்கிப் பாதி இடம் விடுது. ஒதுங்கணும்னு ஃபயர்ஃபாக்ஸுக்கு எப்படித் தெரியுது?”

தெரியாது. ஃபயர்ஃபாக்ஸிடம் யாரும் யோசனை கேட்பதே இல்லை.

லினக்ஸில் விண்டோக்களைத் திரையில் காட்டுவது எக்ஸ் சர்வரின் வேலை (1984-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பிறந்தது, இப்போது அந்த இடத்துக்கு வேலண்டு என்ற புதிய முறை வந்துகொண்டிருக்கிறது, அதன் ஏற்பாடு வேறு). ஒரு நிரல் விண்டோவை உருவாக்கி, இதைக் காட்டு என்று சர்வரிடம் கேட்கும், சர்வரும் காட்டிவிடும். ஆனால் அதற்கு முன்பே இன்னொரு நிரல் வந்து, “இனி இப்படி யார் கேட்டாலும் நீ ஒன்றும் செய்யாதே, என்னிடம் அனுப்பு” என்று பதிந்து வைத்திருந்தால், சர்வர் கையைக் கட்டிக்கொண்டு கோரிக்கையை அதன் பக்கம் தள்ளிவிடும். சப்ஸ்ட்ரக்சர் ரீடைரக்ட் என்பது இந்தப் பதிவின் பெயர். பதிந்து வைத்த நிரல்தான் விண்டோ மேனேஜர். அதற்கென்று தனி அதிகாரம் கிடையாது, ஃபயர்ஃபாக்ஸ் மாதிரி அதுவும் ஒரு சாதாரண நிரல், முதலில் வந்து கேட்டது, அவ்வளவுதான். ஒரு நேரத்தில் ஒருவருக்கே இந்த உரிமை. ஐ3 என்ற விண்டோ மேனேஜர் ஓடும்போதே டிடபிள்யூஎம் என்ற இன்னொன்றையும் ஓட்டிப் பாருங்கள், ஏற்கெனவே வேறொரு விண்டோ மேனேஜர் ஓடுகிறது என்று சொல்லிவிட்டு நின்றுவிடும்.

ரைட் கிளிக் மெனு மட்டும் கட்டத்துக்குள் அடைபடாமல் மேலே மிதக்கிறதே? அந்த விண்டோவில் ஓவர்ரைடு ரீடைரக்ட் என்ற குறி போட்டிருக்கும், அதனால் சர்வர் மேனேஜரைக் கேட்காமல் நேராகக் காட்டிவிடுகிறது. இத்தனை வருடம் கழித்தும் எனக்கு இந்த ஏற்பாடு பிரமிப்பாகத்தான் இருக்கிறது.

அப்புறம், யாருக்கு எவ்வளவு இடம்? மேனேஜர் உள்ளே ஒரு மரம் வைத்திருக்கிறது, கிளை கிளையாகப் பிரியும் பங்குக் கணக்கு. பிஎஸ்பிடபிள்யூஎம் என்ற மேனேஜரில் அதைத் தெளிவாகப் பார்க்கலாம். விளிம்பு, இடைவெளியை விட்டுவிட்டால், 1366×768 திரையில் முதல் விண்டோவுக்கு முழு இடம். இரண்டாவது வந்தால் ஆளுக்கு 683×768. மூன்றாவது வரும்போது நீங்கள் வலது பக்கம் இருந்தால் அந்தப் பக்கம் மட்டும் மேலும் கீழுமாக 683×384 என்று பிரியும், இடது பக்கம் அசையாது. பங்கு பிரித்த நிலத்தில் தம்பியின் பாகம் அவர் பிள்ளைகளுக்குள்தான் பிரியும், பெரியப்பாவின் வரப்பை யாரும் தொடுவதில்லை இல்லையா, அதே கணக்கு. ஒன்றை மூடினால் அதன் இடம் கூடப் பிறந்த கிளைக்குப் போய்ச் சேரும். ஐ3 பாதி பாதியாக வெட்டாது, ஒரே வரிசையில் மூன்று இருந்தால் மூன்றுக்கும் சமபங்கு. எந்தப் பக்கமாகப் பிரிய வேண்டும் என்பதை மோட் விசையோடு (ஆல்ட் அல்லது விண்டோஸ் விசை) எச் அல்லது வி தட்டி நீங்களே சொல்லலாம்.

தமிழக அரசு 2011-லிருந்து பிள்ளைகளுக்குக் கொடுத்த லேப்டாப்கள் பலவற்றில் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் எத்தனையோ வீடுகளில் அந்த லேப்டாப் இன்னும் கிடக்கிறது, லினக்ஸைத் திறந்து பார்த்தவர்கள் எனக்குத் தெரிந்து குறைவு. கருவிக்குச் செலவழித்ததில் ஒரு பங்கையாவது சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கும் ஒதுக்கியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ராம் குறைவான பழைய இயந்திரத்தில் ஒழுங்காக ஓடக்கூடியவை இந்த மேனேஜர்கள். டிடபிள்யூஎம்மின் மூல நிரல் 2000 வரிகளைத் தாண்டக் கூடாது என்பது அதை எழுதியவர்கள் தாங்களே வைத்துக்கொண்ட வரம்பு. சி மொழி தெரிந்த மாணவர் விடுமுறையில் உட்கார்ந்து முழுதாகவே படித்துவிடலாம். விண்டோவைக் காட்டு என்ற கோரிக்கைக்கு எக்ஸில் மேப் ரிக்வெஸ்ட் என்று பெயர்; பாலக்கோட்டுத் தம்பி அதில் அந்தப் பெயரில் உள்ள ஃபங்ஷனிலிருந்து தொடங்கட்டும், அவர் கேட்ட கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது.