முதுகுத்தண்டில் வைக்கும் வலி குறைக்கும் கருவி: இங்கிலாந்தில் யாருக்குக் கிடைக்கும்?

முதுகில் அறுவை சிகிச்சை முடிந்தும் கால் எரிச்சல் போகவில்லை, மாத்திரைகளும் கேட்கவில்லை. இந்த நிலையில் இருப்பவர்களுக்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ் செலவிலேயே ஒரு வழி உண்டு. தண்டுவடத்தை ஒட்டி மெல்லிய கம்பியைச் செருகி, தோலுக்கடியில் பேட்டரி வைத்து, சிறிய மின்துடிப்புகளால் வலியை மட்டுப்படுத்தும் கருவி அது. மருத்துவப் பரிந்துரைகளை வகுக்கும் 'நைஸ்' அமைப்பு 2008 அக்டோபரில் இதற்கு ஒப்புதல் தந்தது. நைஸ் இப்படிப் பரிந்துரைத்த சிகிச்சை உங்களுக்குப் பொருந்தும் என்று மருத்துவர் சொன்னால், அதைப் பெறுவது உங்கள் உரிமை.

எல்லா வலிக்கும் கிடைக்காது. நரம்பிலிருந்து வரும் வலியாக இருக்கவேண்டும். வழக்கமான சிகிச்சைகளை முறையாக எடுத்தும் குறைந்தது 6 மாதம் வலி நீடித்திருக்கவேண்டும். ரத்த ஓட்டம் குறைவதால் வரும் வலிக்கு, ஆய்வுகளில் சேர்ந்தால் தவிர, பரிந்துரை இல்லை.

அப்புறம், வலியின் அளவைக் காட்ட ஒரு 100 மில்லிமீட்டர் கோடு தருவார்கள். ஒரு முனை 'வலியே இல்லை', மறுமுனை 'தாங்கவே முடியாத வலி'. உங்கள் வலி எங்கே என்று அதில் குறிக்கச் சொல்வார்கள். 50-க்குக் கீழே குறித்தால் தகுதி இல்லை. நம் பெரியவர்கள் பலர் இங்கேதான் தவறவிடுகிறார்கள். இரவெல்லாம் தூங்காமல் புரண்டவர்கூட டாக்டர் முன்னால் "பரவாயில்லை" என்பார். தயவுசெய்து அங்கே அடக்கம் வேண்டாம். உள்ளதை உள்ளபடி குறியுங்கள்.

மொழிச் சிக்கலோ உடற்குறையோ உள்ளவர்களுக்கு ஏற்றபடி இந்தச் சோதனைகளை மாற்றியமைக்க வேண்டியிருக்கலாம் என்று நைஸ் பரிந்துரையிலேயே இருக்கிறது. ஆகவே தமிழ் மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேளுங்கள், காசு கிடையாது. எரிகிறதா, குத்துகிறதா, மரத்துப்போகிறதா என்பதைப் பொறுத்தே நரம்பு வலி என்று முடிவாகும்போது, மகனோ மகளோ சுருக்கிச் சொல்வது போதாது.

ஜிபியிடம் (உங்கள் குடும்ப மருத்துவரிடம்) கேட்டு வலி கிளினிக்குக்குப் போகவேண்டும். அங்கிருந்து இதில் அனுபவமுள்ள பல்துறைக் குழுவிடம் அனுப்புவார்கள். உடனே கருவியை நிரந்தரமாக வைத்துவிட மாட்டார்கள். முதலில் கம்பியை மட்டும் உள்ளே வைத்து, பேட்டரியை வெளியே இணைத்துச் சோதிப்பார்கள். வலி நன்றாகக் குறைந்தால்தான் அடுத்த கட்டம். பல கருவிகள் சமமாகப் பொருந்தினால் விலை குறைந்ததைத் தருவார்கள். அந்தக் கணக்கில் பேட்டரி எத்தனை காலம் உழைக்கும் என்பதும் சேரும். சார்ஜ் செய்யும் வகையா, இல்லையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்கலாமா, வண்டி ஓட்டும்போது கருவியை அணைக்கவேண்டுமா என்பதையும் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.