எதிர் இழையை ஏன் திருப்பி எழுத வேண்டும்?

நீட் தேர்வுக்குத் தயாராகும் வாசகி ஒருவர் எழுதியிருந்தார்: “டி.என்.ஏ.வின் ஓர் இழையைக் கொடுத்து, அதன் நிரப்பு இழையை 5' முனையிலிருந்து எழுதச் சொல்கிறார்கள். ஏ-வுக்கு டி, ஜி-க்கு சி என்று ஒன்றுவிடாமல் மாற்றியும் என் விடை தவறாகிவிடுகிறது. மாற்றிய பிறகு திருப்பிப் போட வேண்டுமாம். ஏன் என்று யாரும் சொல்லவில்லை.” அவர் கேட்பது முற்றிலும் நியாயமான கேள்வி. காரணம் தெரியாமல் மனப்பாடம் செய்த விதி, தேர்வறையின் பதற்றத்தில் முதலில் மறந்துபோகும்.

அடினைன் (ஏ) தைமினோடும் (டி) குவானைன் (ஜி) சைட்டோசினோடும் (சி) இணையும் என்பது பள்ளியிலேயே படித்ததுதான். ஆனால் ஓர் இழைக்கு எழுத்துகள் மட்டுமன்றித் திசையும் உண்டு. இழையின் முதுகெலும்பாக அமையும் டிஆக்ஸிரைபோஸ் சர்க்கரையில் ஐந்து கார்பன் அணுக்கள் உள்ளன. ஐந்தாம் கார்பனில் பாஸ்பேட் தொகுதியும் மூன்றாம் கார்பனில் ஹைட்ராக்ஸில் தொகுதியும் இருப்பதால், இழையின் ஒரு முனை 5' என்றும் மறுமுனை 3' என்றும் பெயர் பெறுகின்றன. வாட்சனும் கிரிக்கும் 1953-இல் முன்வைத்த இரட்டைச் சுருள் மாதிரியில் இரண்டு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. எனவே 5'-ஏ-ஏ-ஜி-டி-சி-சி-3' என்ற இழைக்கு நேர் எதிரே நிற்பது 3'-டி-டி-சி-ஏ-ஜி-ஜி-5' ஆகும். டி.என்.ஏ. வரிசையை 5' முனையிலிருந்து எழுதுவதே உலக வழக்கம் என்பதால், இதை வலமிருந்து இடமாக வாசித்து 5'-ஜி-ஜி-ஏ-சி-டி-டி-3' என்று எழுதுகிறோம். இணைப்பதோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தவர் டி-டி-சி-ஏ-ஜி-ஜி என்று எழுதி 5' எனத் தலைப்பிடுவார். அது இந்த மூலக்கூறில் இல்லவே இல்லாத ஓர் இழை.

இழைகள் எதிரெதிராக ஓடுகின்றன என்பது எப்படித் தெரிந்தது? 1953-இன் மாதிரி எக்ஸ் கதிர்ப் படங்களோடு பொருந்தியது உண்மைதான். ஆயினும் திசையை வேதியியல் முறையில் நிறுவிய சோதனையை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் ஜோஸ், டேல் கைசர், ஆர்தர் கோர்ன்பெர்க் ஆகியோர் செய்து 1961-இல் வெளியிட்டனர். டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் டி.என்.ஏ. பாலிமரேஸ் நொதியைக் கண்டறிந்து 1959-இல் நோபல் பரிசு பெற்றவர் கோர்ன்பெர்க். உயிரியலில் இவ்வளவு அழகான சோதனைகள் மிகச் சிலவே என்பது என் கருத்து.

பாலிமரேஸ், வளரும் இழையின் 3' முனையில் மட்டுமே புதிய நியூக்ளியோடைடை (ஓர் எழுத்தும் சர்க்கரையும் பாஸ்பேட்டும் சேர்ந்த அலகு) சேர்க்கும். வந்து சேரும் நியூக்ளியோடைடு தன் 5' பக்கத்தில் மூன்று பாஸ்பேட்டுகளைச் சுமந்து வருகிறது; அவற்றில் வெளியே உள்ள இரண்டு கழன்றுபோக, சர்க்கரையை ஒட்டிய ஒன்று மட்டும் முன்னால் நிற்கும் நியூக்ளியோடைடின் 3' கார்பனோடு பிணைகிறது. அந்த ஒரு பாஸ்பேட்டில்தான் அவர்கள் கதிரியக்கப் பாஸ்பரஸ்-32-ஐ வைத்தார்கள், அதுவும் ஒரு முறைக்கு நான்கு வகை நியூக்ளியோடைடுகளில் ஒன்றில் மட்டும். ஜி-யில் வைத்ததாகக் கொள்வோம். புதிய டி.என்.ஏ. உருவானதும், பாஸ்பேட்டின் மறுபக்கத்தில் வெட்டும் நொதிகளைக் கொண்டு அதைத் தனித்தனி நியூக்ளியோடைடுகளாகப் பிரித்தார்கள். அப்படி வெட்டும்போது, ஜி கொண்டுவந்த கதிரியக்கப் பாஸ்பேட் ஜி-யை விட்டு, அதற்கு முன்னால் நின்ற அண்டை நியூக்ளியோடைடோடு ஒட்டிக்கொண்டு போய்விடுகிறது! கதிரியக்கம் ஏ-யில் எவ்வளவு, டி-யில் எவ்வளவு என்று அளந்தால், ஜி-க்கு முன்னால் எந்த எழுத்து எத்தனை விழுக்காடு நின்றது என்பது தெரிந்துவிடும். நான்கு எழுத்துகளுக்கும் இவ்வாறு செய்தபோது, பதினாறு ஈரெழுத்துச் சேர்க்கைகளின் விகிதங்களும் கைக்கு வந்தன. ஒரு வரிசையைக்கூட எழுத்தெழுத்தாக வாசிக்க முடியாத காலம் அது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

இனி வருவது நம் தேர்வுக் கணக்கேதான். ஓர் இழையில் ஏ-ஜி என்று இருந்தால், எதிர் இழை எதிர்த்திசையில் ஓடுமாயின் அங்கே அது சி-டி என்று வாசிக்கப்படும். ஒரே திசையில் ஓடுமாயின் டி-சி என்று வாசிக்கப்படும். பாலிமரேஸ் இரண்டு இழைகளையும் படியெடுப்பதால், முதல் கருத்து சரியென்றால் ஏ-ஜி-யின் விகிதம் சி-டி-யின் விகிதத்துக்குச் சமமாக வேண்டும். இரண்டாவது சரியென்றால் டி-சி-க்குச் சமமாக வேண்டும். அளவீடுகள் முதல் கருத்தையே உறுதிசெய்தன. இந்தச் சோதனையை ஒரு பக்கத்தில் விளக்கும் பாடநூல் கிடைத்தால், திருப்பி எழுதும் விதியை எந்த மாணவருக்கும் தனியே சொல்லித்தர வேண்டியிருக்காது. முடிவுகளை மட்டும் அடுக்கி, அவற்றை எட்டிய வழிகளை விட்டுவிடுவது நம் அறிவியல் கல்வியின் பெரிய குறை என்றே கருதுகிறேன்.

சில வரிசைகளைத் திருப்பி நிரப்பினால், அதாவது நிரப்பு எழுத்துகளாக மாற்றித் திருப்பி எழுதினால், அதே வரிசை கிடைக்கும். ஈகோ ஆர் 1 என்ற ரெஸ்ட்ரிக்‌ஷன் நொதி வெட்டும் ஜி-ஏ-ஏ-டி-டி-சி அப்படிப்பட்டது. இரண்டு இழைகளிலும் ஒரே சொல் இருப்பதால், நொதி இரண்டிலும் ஜி-க்கும் ஏ-வுக்கும் இடையே வெட்டி, ஒற்றை இழையாக நீட்டி நிற்கும் ‘ஒட்டும் முனைகளை’ விட்டுச் செல்கிறது.

என்.சி.இ.ஆர்.டி. பன்னிரண்டாம் வகுப்பு நூலின் பயிற்சிக் கேள்வியிலும் இதற்கு நெருங்கிய ஒரு நுட்பம் உண்டு. ஏ-டி-ஜி-சி என்ற நான்கெழுத்து திரும்பத் திரும்ப வரும் இழை அங்கே கொடுக்கப்படுகிறது. சரியான விடை ஜி-சி-ஏ-டி என்று தொடங்கித் தொடர்கிறது. அதன் மூன்றாம் எழுத்திலிருந்து பார்த்தால் மறுபடியும் ஏ-டி-ஜி-சி தெரிவதால், கேள்வியையே திரும்ப எழுதிவிட்டோமோ என்று மாணவர்கள் திகைத்து, சரியான விடையை அடித்துவிடக்கூடும். திகைக்கத் தேவையில்லை. விடையை இன்னொரு முறை திருப்பி நிரப்பிப் பாருங்கள். கொடுக்கப்பட்ட இழை அப்படியே திரும்பக் கிடைத்தால் கணக்கு சரி. ஆனால் இரண்டு முறையும் திருப்ப மறந்தவருக்கும் தொடக்க இழையே கிடைக்கும் என்பதால், முனைகளில் 5', 3' என்று குறித்துக்கொண்டே செய்வது அவசியம்.

ஆய்வகத்தில் இந்தத் திருப்பம் மதிப்பெண்ணோடு நிற்பதில்லை. பி.சி.ஆர். முறையில் ஒரு டி.என்.ஏ. துண்டைப் பெருக்க இரண்டு பிரைமர்கள், அதாவது படியெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு இழைத்துண்டுகள், தேவை. முதலாவது, தாளில் எழுதியிருக்கும் இழையின் தொடக்க எழுத்துகளே. இரண்டாவது, அந்த இழையின் கடைசி எழுத்துகளைத் திருப்பி நிரப்பியது. மேலே பார்த்த ஏ-ஏ-ஜி-டி-சி-சி என்பதில் இழை முடிகிறது என்றால், இரண்டாம் பிரைமர் ஜி-ஜி-ஏ-சி-டி-டி என்று தொடங்க வேண்டும். டி-டி-சி-ஏ-ஜி-ஜி என்று 5' முனையிலிருந்து செய்து வாங்கிய பிரைமர் அந்த இடத்தில் ஒட்டாது. பாலிமரேஸ் பிடித்து நீட்டுவதற்கு அங்கே ஒரு 3' முனையும் இருக்காது.